கோன்ஸ்டைன் குன்றுக்குள் ஒரு ராக்கெட் தொழிற்சாலை: அங்கே போகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

ஜெர்மனியின் நடுப்பகுதியில், துரிங்கியா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் நோர்ட்ஹவுசன் என்ற நகரம் இருக்கிறது. நகரை ஒட்டி, ஹார்ஸ் மலைத்தொடரின் தெற்கு விளிம்பில், மரங்கள் அடர்ந்த ஒரு குன்று. பெயர் கோன்ஸ்டைன். இரண்டாம் உலகப் போரின் கடைசி இருபது மாதங்களில் அந்தக் குன்றின் வயிற்றுக்குள் வி-2 ஏவுகணைத் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. இன்று அந்த இடம் மிட்டல்பவ்-டோரா நினைவிடம். பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

அங்கே போகும் பலருக்கு ஒரு குழப்பம் வருகிறது. விண்வெளிப் பயணத்துக்கு வழிவகுத்த ராக்கெட் பிறந்த இடம் என்று படித்துவிட்டுப் போகிறார்கள். நிமிர்த்தி வைத்து விளக்குப் போட்ட ராக்கெட்டை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அங்கே காண்பது துருப்பிடித்த தகடுகள், தேங்கிய நீர், வெடிவைத்துத் தகர்த்த பாறைக் குவியல், மலைச்சரிவில் ஒரு பிணம் எரிக்கும் கூடம். இது தொழில்நுட்ப அருங்காட்சியகமா, கல்லறையா? இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டுமானால் தொழிற்சாலை எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் சில பெயர்கள்

இந்த வரலாற்றில் நான்கு பெயர்கள் அடிக்கடி வரும். ஒன்றை மற்றொன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம்.

1. வி-2: சுமார் 14 மீட்டர் உயரம், எரிபொருள் நிரப்பினால் ஏறத்தாழ 13 டன் எடை, முனையில் ஒரு டன் அளவுக்கு வெடிமருந்து. பொறியாளர்கள் வைத்த பெயர் ஏ-4. ‘வி’ என்பது ‘பழிவாங்கும் ஆயுதம்’ என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. அது நாஜி பிரசாரத் துறை சூட்டிய பெயர். வி-1 வேறு. அது சிறகுகளோடு பறந்த ஆளில்லாக் குண்டு.

2. மிட்டல்வெர்க்: ‘நடுவண் ஆலை’ என்று பொருள். 1943 செப்டம்பரில் அரசுப் பணத்தில் தொடங்கிய கம்பெனி. என்ன தயாரிக்கிறது, எங்கே இருக்கிறது என்று எதையும் காட்டிக்கொடுக்காத பெயர்.

3. டோரா: தொழிற்சாலைக்கு ஆள் கொடுப்பதற்காக அமைத்த வதைமுகாமின் சங்கேதப் பெயர். முதலில் பூகென்வால்ட் வதைமுகாமின் கிளையாக இருந்தது.

4. மிட்டல்பவ்: 1944 அக்டோபர் இறுதியில் டோராவைத் தலைமையிடமாகக் கொண்டு தனி முகாமாக அறிவித்த பெரிய அமைப்பு. சுற்றுவட்டாரத்தில் சுமார் 40 துணை முகாம்கள் இதன் கீழ் வந்தன.

தொழிற்சாலை ஒன்று, முகாம் ஒன்று என இரண்டு பெயர்கள் இருப்பதால் இரண்டு தனி இடங்கள் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் எட்டு மாதங்களுக்கு முகாமும் தொழிற்சாலையும் ஒரே சுரங்கத்துக்குள்தான் இருந்தன.

மண்ணுக்கடியில் ஏன்?

வி-2 முதலில் உருவானது பால்டிக் கடலோரத்தில், யூசெடோம் தீவிலுள்ள பீனமுண்டேயில். 1942 அக்டோபர் 3 அன்று அங்கிருந்து ஏவிய ஏ-4 முதன்முறையாகத் திட்டமிட்டபடி பறந்தது. அதைப் பெருமளவில் தயாரிக்கும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோது, 1943 ஆகஸ்ட் 17 இரவு பிரிட்டிஷ் விமானப்படை பீனமுண்டேயின்மீது குண்டுமழை பொழிந்தது. திறந்தவெளியில் ராக்கெட் தொழிற்சாலை நடத்த முடியாது என்று அந்த ஓர் இரவிலேயே தெரிந்துபோயிற்று.

அடுத்து நடந்தவற்றின் வேகத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்பதே நாளில், உற்பத்தியைக் கோன்ஸ்டைனுக்குள் மாற்றுவது என்று முடிவாகிறது. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று, பூகென்வால்டிலிருந்து முதல் 107 கைதிகள் வந்து இறங்குகிறார்கள். மாற்றுவதா வேண்டாமா என்று யோசித்த நேரம் இருந்ததே தவிர, யாரைக் கொண்டு மாற்றுவது என்று யோசித்ததாகத் தெரியவில்லை. கைதிகள்தாம் என்பது ஏற்கெனவே முடிவான விஷயம்போல நடந்தது. கட்டுமானப் பொறுப்பு நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையின் கட்டுமானத் தலைவர் ஹான்ஸ் கம்லரிடம் போனது. ஆள் பலம் எஸ்.எஸ்.ஸின் கையில் இருந்தது. முகாம்களும் அவர்களுடையவை.

கோன்ஸ்டைனைத் தேர்ந்தெடுத்ததற்கு நிலவியல் காரணமும் உண்டு. குன்றின் பெரும்பகுதி அன்ஹைட்ரைட் என்ற பாறை. ஜிப்சத்தின் உறவுக்காரக் கனிமம். நீர் கலக்காத கால்சியம் சல்பேட் என்று சொன்னால் வேதியியல் படித்தவர்களுக்குப் புரியும். தூண்கள் முட்டுக்கொடுக்காமலே பெரிய கூடங்களை அதற்குள் குடையலாம். கூரை தானாகவே நிற்கும். 1917 முதலே ரசாயனத் தொழிலுக்காக அங்கே இந்தக் கல்லை வெட்டியெடுத்தார்கள். 1930களின் நடுவிலிருந்து எண்ணெயையும் பிற போர்ப் பொருட்களையும் சேமித்து வைக்கும் கிடங்காக அரசு அதை விரிவாக்கியது. எனவே பாதிச் சுரங்கம் தயாராக இருந்தது. மீதியைக் குடைந்தவர்கள் கைதிகள்.

போரின்போது நிலத்தடியில் தொழிற்சாலை நடத்தியது ஜெர்மனி மட்டுமல்ல. லண்டனில் கட்டி முடித்தும் ரயில் விடாதிருந்த சென்ட்ரல் பாதையின் கிழக்குச் சுரங்கங்களில் பிளெஸ்ஸி நிறுவனம் விமான உதிரிபாகங்கள் தயாரித்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சம்பளம் வாங்கினார்கள், வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போனார்கள். குண்டுவீச்சிலிருந்து தப்ப நிலத்தடிக்குப் போவது போரின் கட்டாயம். மனிதனை அங்கேயே அடைத்து வைப்பதும் சாகவிடுவதும் கட்டாயம் அல்ல, ஒரு தேர்வு. கோன்ஸ்டைனுக்குள் போகும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

படுத்துக் கிடக்கும் ஏணி

சுரங்கத்தின் அமைப்பை ஓர் ஏணியாக நினைத்துக்கொண்டால் எளிது. ஏணியின் இரண்டு நெடுங்கால்கள், ‘ஏ’, ‘பி’ என்று பெயரிட்ட இரு பெருஞ்சுரங்கங்கள். வடக்கிலிருந்து தெற்காகக் குன்றைத் துளைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம், மெல்லிய வளைவோடு செல்கின்றன. உள்ளே ரயில்பாதை போடும் அளவுக்கு அகலம். ஏணியின் படிகளாக இரண்டையும் இணைத்தவை 46 குறுக்குக் கூடங்கள்.

‘ஏ’ வழியாகப் பொருட்கள் வந்தன. குறுக்குக் கூடங்களில் பாகங்கள் தயாராயின. ‘பி’யில் தண்டவாளத்தின்மேல் ராக்கெட் நகர நகர, அதோடு பாகங்களைப் பொருத்தினார்கள். தெற்கு முனையை நெருங்கும்போது ராக்கெட் முழு உருவம் பெற்றிருக்கும். அங்கே 41ஆம் கூடத்தின் தரையை ஆழமாகத் தோண்டி வைத்திருந்தார்கள். 14 மீட்டர் ராக்கெட்டை நிமிர்த்தி நிறுத்திச் சோதிப்பதற்கு அந்த உயரம் வேண்டும். பிறகு மறுபடி படுக்கவைத்து, ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். 1944இல் வடக்குப் பகுதியின் கூடங்களை யுங்கர்ஸ் நிறுவனத்தின் விமான எஞ்சின் உற்பத்திக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வி-1 தயாரிப்பும் பின்னர் உள்ளே வந்தது.

தெற்குக் கோடியில் இருக்கும் 43 முதல் 46 வரையான நான்கு கூடங்களைத்தான் இங்கே வந்தவர்கள் மறக்கக் கூடாது.

முதல் குளிர்காலம்

அந்த நான்கு கூடங்களில்தான் கைதிகள் தூங்கினார்கள். வெளியே குடிசைகள் கட்டுவதைத் தள்ளிப்போட்டார்கள். முதலில் எந்திரங்களுக்கு இடம், பிறகு மனிதர்களுக்கு என்பதே வரிசை. கூடங்களுக்குள் நான்கடுக்கு மரக்கட்டில்கள். ஒரு ஷிப்ட் எழுந்து போனதும் அடுத்த ஷிப்ட் அதே பலகையில் வந்து படுக்கும். மனிதச் சூடு ஆறுவதற்குள் ஆள் மாறிவிடும். பக்கத்திலேயே, சுரங்கத்தைக் குடைந்துகொண்டுபோக வெடிவைப்பு இரவும் பகலும் நடந்தது. தூசும் புகையும் வெளியேற வழியில்லை. குடிநீர் அரிது, குளிக்கவோ துவைக்கவோ நீரே இல்லை. எண்ணெய் பீப்பாய்களைக் குறுக்கே அறுத்து, மேலே பலகை போட்டதுதான் கழிப்பறை. வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்காதவர்கள் பலர்.

1943 முடியும்போது உள்ளே பத்தாயிரம் கைதிகளுக்கு மேல் இருந்தார்கள். சோவியத் நாட்டினர், போலந்துக்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள் மிகுதி. இத்தாலிய ராணுவக் கைதிகள், பெல்ஜியம், செக் நாட்டினரும் இருந்தனர். 1944இல் ஐரோப்பாவின் ரோமா, சிந்தி இன மக்களும் ஹங்கேரி யூதர்களும் வந்து சேர்ந்தார்கள். பின்னாளில் பிரான்ஸின் தூதராகப் பணியாற்றிய ஸ்தெஃபான் எஸ்ஸெல் டோராவில் அடைபட்டிருந்த பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தவர்களில் ஒருவர்.

1943 அக்டோபரிலிருந்து 1944 மார்ச் வரை, ஆறே மாதத்தில் ஏறத்தாழ 2,900 பேர் டோராவில் இறந்தார்கள். வேலைக்கு ஆகாதவர்கள் என்று மேலும் சுமார் 3,000 பேரை ரயிலேற்றி மைதானெக், பெர்கன்-பெல்சன் வதைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் மிகச் சிலரே பிழைத்தார்கள். ஆயுதத் துறை அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பியர் 1943 டிசம்பர் 10 அன்று நேரில் வந்து பார்த்தார். அதே மாதம் கம்லரைப் பாராட்டி எழுதினார்.

1944 வசந்தத்தில்தான் குன்றின் தெற்குப் பக்கத்தில் குடிசைகள் எழுந்தன. கைதிகள் படிப்படியாக வெளியே வந்து தூங்கினார்கள்.

உழைப்பின் கணக்கு

கைதிகளுக்குக் கூலி இல்லை என்பது உண்மை. அவர்களுடைய உழைப்புக்கு விலை இல்லை என்பது உண்மையல்ல. எஸ்.எஸ். அவர்களை வாடகைக்கு விட்டது. போரின் பிற்பகுதியில் கம்பெனிகளிடமிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்குப் பொதுவாக 4 முதல் 6 மார்க் வசூலித்தது. பணம் அரசுக் கருவூலத்துக்குப் போனது. ஆள் செத்தால் வாடகை நின்றுவிடும், அடுத்த ரயிலில் வேறு ஆள் வருவார். கம்பெனிக்கு இழப்பு ஏதுமில்லை.

1943 அக்டோபரில் ராணுவம் மிட்டல்வெர்க்குக்கு 12,000 ராக்கெட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. விலை ஒன்றுக்கு 40,000 மார்க். நடந்தது வேறு. 1944 தொடக்கத்தில் வெளியேறிய முதல் சில ராக்கெட்டுகள் குறைபாடுகளோடு திரும்பி வந்தன. 1944 இலையுதிர்காலத்தில்தான் மாதத்துக்கு 600ஐத் தாண்டியது. போர் முடியும்வரை மொத்தம் 6,000க்குச் சற்றுக் குறைவு.

பழுதுகளில் ஒரு பகுதி கைதிகளின் கைவேலை. பற்றவைப்பைப் பலவீனமாக விடுவது, திருகைத் தளர்த்தி வைப்பது போன்ற சின்னச் செயல்கள். கண்டுபிடித்தால் உயிர் போகும். 1945 தொடக்கத்தில் நாசவேலைச் சந்தேகத்தின் பேரில் தூக்கிலிட்டது அதிகரித்தது. மார்ச் மாதத்தில் சுரங்கத்துக்குள்ளேயே, ராக்கெட் பாகங்களைத் தூக்கும் கிரேனில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். ஷிப்ட் மாறிப் போகிற கைதிகள் அந்த உடல்களைக் கடந்துதான் போக வேண்டும்.

எது இரகசியம்?

‘இரகசியத் தொழிற்சாலை’ என்று சொல்லும்போது யாரிடமிருந்து எதை மறைத்தார்கள் என்று கேட்க வேண்டும். மறைத்தது ராக்கெட்டை. வானிலிருந்து பார்த்தால் குன்றும் மரமும்தான். பெயரில்கூட எதுவும் கசியாது.

கைதிகளை யாரும் மறைக்கவில்லை. துணை முகாம்கள் ஊர்களுக்கு நடுவில் இருந்தன. கோடிட்ட உடையில் அவர்கள் தெருக்களில் நடந்தார்கள், ரயில் நிலையங்களில் மூட்டை இறக்கினார்கள். மிட்டல்வெர்க்கின் உள்ளே ஆயிரக்கணக்கான ஜெர்மன் ஊழியர்கள் கைதிகளோடு ஒரே வரிசையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பினார்கள். ‘எங்களுக்கு எதுவும் தெரியாது’ என்று போருக்குப் பிறகு பலர் சொன்னதை இந்த இடத்தில் நின்றுகொண்டு ஏற்றுக்கொள்ள முடியாது.

பொறியாளர்களும் அப்படியே. வி-2ஐ வடிவமைத்த வெர்னர் வான் பிரவுன் 1940இலேயே எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தவர். சுரங்கத்துக்குப் பலமுறை வந்திருக்கிறார். தொழில்திறன் உள்ள கைதிகளைத் தேர்ந்தெடுக்கப் பூகென்வால்டுக்குப் போனதை 1944 ஆகஸ்டில் மிட்டல்வெர்க் அதிகாரி ஒருவருக்குத் தாமே கடிதத்தில் எழுதியிருக்கிறார். உற்பத்தியை நேரடியாக நடத்தியவர் ஆர்தர் ருடால்ஃப்.

‘விழுந்து கொன்றதைவிட, தயாராகும்போது கொன்றது அதிகம்’

வி-2 பற்றிப் பேசும் எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. உண்மைதான், ஆனால் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. ராக்கெட் கொன்றவர்கள்: 1944 செப்டம்பர் 8 அன்று பாரிஸும் லண்டனும் முதல் தாக்குதலைச் சந்தித்தன. ஒலியைவிட வேகமாக வந்து விழுவதால் எச்சரிக்கைச் சங்கு ஊத வழியில்லை. வெடித்த பிறகுதான் அது வரும் ஓசை கேட்கும். பிரிட்டனில் சுமார் 2,700 பேர் இறந்தார்கள். லண்டனைவிட அதிகமான வி-2க்கள் ஏவப்பட்டது பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தின்மீது. 1944 டிசம்பர் 16 அன்று அங்கே ரெக்ஸ் திரையரங்கில் விழுந்த ஒரே ஒரு ராக்கெட் 567 பேரைக் கொன்றது. எல்லா இடங்களையும் சேர்த்தால் ஐயாயிரத்துக்கும் மேல்.

2. முகாம் கொன்றவர்கள்: மிட்டல்பவ் அமைப்பின் வழியாகச் சுமார் 60,000 கைதிகள் போயிருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 20,000 பேர், மூன்றில் ஒருவர், உயிரோடு மீளவில்லை.

3. பிரித்துப் பார்க்க வேண்டியது: இந்த 20,000 பேரும் ராக்கெட் வரிசையில் நின்றவர்கள் அல்லர். பொருத்தும் வேலைக்குப் பழகிய கைதி கம்பெனிக்குத் தேவை. அதனால் 1944 நடுவில் அங்கே சாவு சற்றுக் குறைந்தது. அதே நேரத்தில் அக்கம்பக்கக் குன்றுகளில் புதிய சுரங்கம் குடைந்தவர்களும், ரயில்பாதை போட்டவர்களும் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். நோய்வாய்ப்பட்டவர்களை நோர்ட்ஹவுசனின் போல்கே ராணுவக் குடியிருப்பில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். 1945 ஏப்ரல் தொடக்கத்தில் நகரின்மீது பிரிட்டிஷ் விமானங்கள் வீசிய குண்டுகளிலும் அங்கிருந்த பலர் மாண்டார்கள். முகாமைக் காலிசெய்து கைதிகளை நடத்தியும் ரயிலிலும் கொண்டுபோனபோது இறந்தவர்கள் இன்னொரு பெரும்பகுதி. கார்டெலெகன் ஊருக்கு வெளியே ஏப்ரல் 13 அன்று ஒரு களஞ்சியத்துக்குள் அடைத்துத் தீவைத்துக் கொன்ற 1,016 பேரில் மிட்டல்பவ் கைதிகளும் அடக்கம்.

ராக்கெட் தயாரிப்பு மட்டுமே கொன்றது என்று சுருக்கிச் சொன்னால், கடப்பாரையோடும் மண்வெட்டியோடும் செத்தவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ராக்கெட்டின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

1945க்குப் பிறகு

ஏப்ரல் 11 அன்று அமெரிக்கப் படை நோர்ட்ஹவுசனை அடைந்தது. துரிங்கியா சோவியத் பொறுப்பில் வர வேண்டிய பகுதி என்பதால், அதற்குள் சுமார் 100 ராக்கெட்டுகளுக்கான பாகங்களை அமெரிக்கர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஜூலையில் வந்த சோவியத் படைகள் எஞ்சியதை எடுத்துக்கொண்டு, ஜெர்மன் பொறியாளர்களை வைத்து உற்பத்தியை மீட்டெடுத்தன. சோவியத்தின் முதல் ஏவுகணையான ஆர்-1 வி-2ன் நகல். எல்லாவற்றையும் கழற்றிய பிறகு 1948இல் சுரங்க வாயில்களை வெடிவைத்து மூடினார்கள்.

வான் பிரவுனும் ருடால்ஃபும் அமெரிக்கா போனார்கள். மனிதனை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட் திட்டத்தின் மேலாளராக ருடால்ஃப் இருந்தார். மிட்டல்வெர்க்கில் அவருடைய பங்கை அமெரிக்க நீதித்துறை விசாரித்தபின், 1984இல் குடியுரிமையைத் துறந்து ஜெர்மனிக்குத் திரும்பினார். முகாம் குற்றங்களுக்காக 1947இல் டாஹாவில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் நடத்திய வழக்கில் 19 பேர் நின்றார்கள். 15 பேருக்குத் தண்டனை, ஒருவருக்கு மட்டும் தூக்கு. மிட்டல்வெர்க்கின் தலைமை மேலாளர் கெயோர்க் ரிக்காய் விடுதலையானார்.

கிழக்கு ஜெர்மனி ஆட்சியில், 1960களில், பிணம் எரித்த கூடத்தைச் சுற்றி நினைவிடம் அமைந்தது. சுரங்கம் மூடியே கிடந்தது. ஜெர்மனி ஒன்றான பிறகு, புதிதாகக் குடைந்த நுழைவு வழி மூலம் 1995 முதல் ஒரு சிறு பகுதிக்குள் போக முடிகிறது. இன்றைய அருங்காட்சியகக் கட்டடம் 2005இல் வந்தது. முழு ராக்கெட்டை நிறுத்திக் காட்டுவதற்கான இடமல்ல இது. ராக்கெட்டை ரசிக்கப் பல நாடுகளில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அதற்கு என்ன விலை, யார் கொடுத்தார்கள் என்று காட்டுவதற்கு இந்த ஓர் இடம் இருப்பது அவசியம் என்றே நான் நினைக்கிறேன்.

இன்று அங்கே போனால்

திங்கட்கிழமை விடுமுறை. சுரங்கத்துக்குள் தனியாகப் போக முடியாது, வழிகாட்டியோடு மட்டும்தான். கோடையிலும் உள்ளே 8 டிகிரி அளவுக்குத்தான் இருக்கும்; தடித்த உடையும் நல்ல ஷூவும் வேண்டும். பார்க்கும் வரிசையைப் பற்றி ஒரு யோசனை. சுரங்கத்துக்குப் போகும் முன் மேலே மலைச்சரிவில் ஏறி, மரங்களுக்கு நடுவே தெரியும் குடிசை அடித்தளங்களையும், கைதிகளைக் கணக்கெடுத்த மைதானத்தையும், பிணம் எரித்த கூடத்தையும் பார்த்துவிடுங்கள். அதன்பின் உள்ளே போனால் கண்ணில் படுவதன் பொருள் மாறும்.

புதிய வழி ‘ஏ’ சுரங்கத்தில் போய்ச் சேருகிறது. பக்கத்தில் 46ஆம் கூடம், 45ஆம் கூடம். மேலே போட்ட நடைபாதையில் நின்று கீழே பார்க்கலாம். சரிந்த பாறைகளுக்கு இடையில் துருவேறிய வி-1 உடற்பகுதிகள், வால் தகடுகள், நெளிந்த குழாய்கள் கிடக்கின்றன. இன்னும் உள்ளே போகப் போக நிலத்தடி நீர் ஏறி, கூடங்களின் கீழ்ப்பகுதியை மூடியிருக்கிறது. வி-1 பாகங்கள் அங்கே கிடப்பதற்குக் காரணம், கைதிகள் வெளிக் குடிசைகளுக்குப் போனபின் அந்தக் கூடங்களை உற்பத்திக்கு ஒதுக்கியதுதான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில், அந்தத் தகடுகள் கிடக்கும் அதே தரையில், நான்கடுக்குக் கட்டில்கள் கூரையை நோக்கி நின்றன.